நான்காவது கியர்

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கு மேற்கே, இப்ஸிலாண்டி ஊரை ஒட்டி, வில்லோ ரன் என்ற இடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு கம்பெனி அங்கே பிரம்மாண்டமான ஒரு தொழிற்சாலையை எழுப்பி 8,685 பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்து அனுப்பியது. போர் முடிந்த பிறகு சில வருஷம் அதில் கெய்சர், ஃப்ரேசர் கார்கள் தயாராயின. 1953 ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்து லிவோனியாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து அழிந்துபோனது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வராமல் காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களின் உற்பத்தியே தடுமாறியது. ஜி.எம். அவசர அவசரமாக வில்லோ ரன்னைப் பிடித்து, சில வாரங்களில் மறுபடி கியர்பாக்ஸ் செய்ய ஆரம்பித்தது. 2010 கடைசியில் மூடப்படும்வரை, அமெரிக்கச் சாலைகளில் ஓடிய எத்தனையோ லட்சம் கார்களுக்கு அந்தக் கூரையின் கீழிருந்துதான் கியர்பாக்ஸ் போனது.

1980-களின் நடுவில் நான் இப்ஸிலாண்டியில் குடியேறினேன். எங்கள் தெருவில் யாரை விசாரித்தாலும் வீட்டுக்கு ஒருவர் ஹைட்ராமாட்டிக்கில் வேலை பார்ப்பதாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கே கியர்பாக்ஸ் பூட்டும் பிரிவில் இருந்தார். அவரிடம் 1969-ஆம் வருஷத்து செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் அம்பாசடரின் ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பியைப் பிடித்து வண்டி பழகியவன் நான். கிளட்ச் பெடலே இல்லாத ஒரு காரை முதன்முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அவருடைய ஷெவெலில்தான்.

ஷெவெல் போன்ற கார்களின் கதை சுருக்கமானது. 1964-ல் ஜி.எம்.மின் பான்டியாக் பிரிவு தன் நடுத்தரக் காருக்குள் 389 கன அங்குலப் பெரிய எஞ்சினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. இளைஞர்கள் வாங்கித் தள்ளினார்கள். மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின. நடுத்தர உடம்பு, பெரிய எஞ்சின், கட்டுப்படியாகும் விலை: மஸில் கார் என்றால் இவ்வளவுதான். டெட்ராய்ட்டின் உட்வர்டு அவென்யூவில் இரவு நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பத்து வருஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் பார்த்த காலத்தில் அந்த ஷெவெல் ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகும், சனிக்கிழமை மளிகை ஏற்றி வரும். சக்கர வளைவுகளில் துரு ஏறியிருந்தது. அதை யாரும் பொக்கிஷமாகப் பார்க்கவில்லை. ஒரு கோடைக்காலத்தில் அதன் கியர்பாக்ஸ் மூன்றாவது கியரில் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், வண்டி வேகமெடுக்காது.

அதில் இருந்தது டர்போ ஹைட்ராமாட்டிக் 400. 1964-ல் காடிலாக்கிலும் பியூக்கிலும் அறிமுகமான மூன்று கியர் பெட்டி. பிறகு ரோல்ஸ்-ராய்ஸும் ஜாகுவாரும் தங்கள் கார்களுக்கு அதை வாங்கிப் பொருத்தும் அளவுக்கு உறுதியானது. பெரியவர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அளவுகோல் கம்பியை உருவி வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாக இருந்தது, தீய்ந்த வாடை அடித்தது. அடித்தட்டைத் திறந்தபோது அடியில் கறுப்பு மாவு படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். கிளட்ச் தகடுகளின் மேல்பூச்சு எரிந்து உதிர்ந்த தூள் அது. அந்தத் தட்டில் எண்ணெய் வடிக்கத் திருகு கிடையாது. போல்ட்டுகளை ஒரு மூலையிலிருந்து தளர்த்தி, தட்டைச் சாய்த்து வடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் தோளிலும் கொஞ்சம் வடியும்.

அந்த எண்ணெயைப் பற்றி அவர் சொன்ன ஒரு தகவலை நான் பிற்பாடு படித்தும் உறுதி செய்துகொண்டேன். 1970-களின் தொடக்கம்வரை அதில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். கிளட்ச் தகடுகள் வெடுக்கென்று பிடிக்காமல் பதமாகப் பிடிப்பதற்கு அதற்கு நிகரான பொருள் அப்போது இல்லை. திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்த பிறகு ரசாயனக் கலவையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

மாற்றுப் பெட்டிக்காகப் பழைய வண்டிகள் குவிந்து கிடந்த ஒரு யார்டுக்குப் போனோம். காடிலாக்கிலும் இதே 400 தானே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமே என்றேன். எஞ்சினோடு சேரும் முகத்தைப் பார்க்கச் சொன்னார். ஜி.எம். என்ற ஒரே கம்பெனிக்குள் செவர்லேயின் போல்ட் ஓட்டைகள் ஒரு மாதிரி, பியூக், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக், காடிலாக்கின் ஓட்டைகள் வேறு மாதிரி. கடைசியில் ஒரு செவர்லே பிக்கப்பின் அடியிலிருந்து ஒன்றைக் கழற்றினோம். வால்பகுதியின் நீளத்தை அளந்து பார்த்துச் சரி என்றார். ஒரு வாரச் சம்பளத்தில் சின்னத் துண்டுதான் செலவு.

வேலை நடந்தது அவர் வீட்டு முன்னால், சரளைக்கல் மேல். நான்கு ஸ்டாண்டுகளில் வண்டியை ஏற்றி, அட்டையை விரித்து, அதன்மேல் படுத்துக்கொண்டோம். டார்க் கன்வெர்ட்டரோடு சேர்த்தால் அந்தப் பெட்டி 70 கிலோவுக்கு மேல். சாதாரண ஜாக்கியின் தலையில் ஒரு பலகையை வைத்து அதில் பெட்டியை உட்காரவைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினோம்.

ஏற்றுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை நான் இன்றைக்கும் அப்படியே செய்கிறேன். டார்க் கன்வெர்ட்டரைப் பெட்டியில் கோக்கும் காரியம் அது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றுமே, டார்க் கன்வெர்ட்டர் வேலை செய்வது அதுபோலத்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது, கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி அதை வாங்கிச் சுற்றுகிறது. நடுவில் உள்ள மூன்றாவது சக்கரம், கிளம்பும் நேரத்தில் இழுவையைப் பெருக்கிக் கொடுக்கிறது. பூசணி அளவிலான இந்த இரும்பு உருளையைப் பெட்டியின் முன்தண்டில் நுழைத்து, கையால் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். முதலில் உள்தண்டின் பற்களில் ஒரு முறை இறங்கும். அடுத்து நடுச்சக்கரத்தின் பற்களில் இன்னொரு முறை. எல்லாம் முடிந்தது போலத் தோன்றும், ஆனால் முடிந்திருக்காது. கன்வெர்ட்டரின் கழுத்து, எண்ணெய்ப் பம்பின் பல்சக்கரத்தோடு கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்றாவதாக ஒரு முறை இறங்க வேண்டும். பெரியவர் என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லச் சுற்றினேன். ஒரு இடத்தில் 'டொக்' என்று அரை அங்குலம் உள்ளே போனது. உள்ளங்கையில் அது தெரிந்தது.

அந்த மூன்றாவது இறக்கம் கிடைக்காமல் பெட்டியை எஞ்சினோடு வைத்துப் போல்ட்டைப் போட்டு இறுக்கினால், எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே பம்ப் உடைந்துவிடும். அதனால் போல்ட்டை வைத்து இழுத்துச் சேர்க்கக் கூடாது. இரண்டு முகங்களும் கைவிசையிலேயே ஒட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும், எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பிறகுதான் இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்ப்பது. வில்லோ ரன்னில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் இதைச் செய்த மனிதர், தன் சொந்த வண்டிக்குச் செய்யும்போதும் இடைவெளியை அளந்துதான் பார்த்தார்.

கடைசியாகப் பெட்டியின் பின்பக்கமிருந்த ஒரு சின்னத் தகர டப்பாவில் ரப்பர் குழாயை மாட்டினார். அதன் மறுமுனை எஞ்சினின் இன்டேக்கிலிருந்து வருகிறது. நம் கால் ஆக்ஸிலரேட்டரில் லேசாக இருந்தால் எஞ்சினுக்குள் வெற்றிடம் அதிகம், அழுத்தினால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வண்டி ஓட்டுபவர் நிதானமாகப் போகிறாரா, அவசரத்தில் இருக்கிறாரா என்பது கியர்பாக்ஸுக்கு அந்த ரப்பர் குழாய் வழியாகத்தான் தெரியும். எந்த வயரும் இதில் கிடையாது. பெடலை அடிவரை மிதித்தால் கீழ்க்கியருக்கு இறக்க மட்டும் ஒரு மின்சுவிட்ச் உண்டு.

கழற்றிப் போட்ட பழைய பெட்டியைப் பெரியவர் பிரித்து, நல்ல பாகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அலுமினியக் கூட்டை எடைக்குப் போட்டார். அந்தக் கூட்டின் பக்கவாட்டில் ஷெவெலின் சேஸிஸ் எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருந்தது. அதை யாரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அன்றைய வழக்கமே அப்படி. ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, தரையை வெட்டி நான்கு கியர் மேனுவல் பெட்டி வைப்பது இளைஞர்களுக்குக் கௌரவமாக இருந்தது. கிளட்ச் மிதிக்காதவனை வண்டி ஓட்டுகிறவனாகவே அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பெரியவர் ஓய்வு பெற்று ஃபுளோரிடாவுக்குக் கிளம்பியபோது அந்த ஷெவெலை நான் வாங்கிக்கொண்டேன். இன்று அது என் கராஜில் இருக்கிறது. காலம் மாறி, அன்று வேண்டாமென்று எறிந்ததெல்லாம் இன்று தேடப்படுகிறது. 1995-ல் தொடங்கிய ட்ரீம் க்ரூஸ், ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் உட்வர்டு அவென்யூவில் நடக்கிறது. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜனங்கள் பழைய கார்களைப் பார்க்கிறார்கள். என் வண்டியருகே நின்று பேசுபவர்கள், எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று இப்போது முதலில் கேட்பதில்லை. எஞ்சின் எண்ணும் கியர்பாக்ஸ் எண்ணும் சேஸிஸ் எண்ணோடு பொருந்துகிறதா என்றுதான் கேட்கிறார்கள். பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறொரு விலை. அன்று நான்கு கியர் மேனுவலுக்காகத் தரையை வெட்டிய அதே ஆட்கள், முழங்கால் வலி வந்த பிறகு கிளட்சை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் பொருத்த ஆள் தேடுகிறார்கள். புதிய கார்வெட்டில் 2020 மாடலிலிருந்து மேனுவல் கியரே கிடையாது. 1950-ல் வந்த இரண்டே கியர் கொண்ட பவர்கிளைட் பெட்டியோ, எடை குறைவு, கியர் மாற்றும் நேரமும் மிச்சம் என்பதற்காக இன்றும் டிராக் (drag) பந்தயக் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் ஷெவெலுக்கு மறுபடி கியர்பாக்ஸ் மாற்ற வேண்டிய அவசியம் வந்தது பழுதால் அல்ல. பழைய 400 நன்றாகவே ஓடியது. மாறியது சாலை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974-ல் நாடு முழுவதும் வேகத்தை 55 மைலுக்குக் கட்டுப்படுத்தினார்கள். பெரியவரும் நானும் பெட்டி மாற்றியபோது அந்தச் சட்டம்தான். ஷெவெலின் பின் ஆக்ஸில் விகிதம் 3.73. சுமார் 27 அங்குல டயரோடு 55 மைலில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,550 சுற்று சுற்றும். சத்தம்தான், ஆனால் சமாளிக்கலாம். இப்போது ஐ-94 சாலையில் 70 மைல் வரை போகலாம், கூட வருபவர்கள் அதற்கும் மேல் போவார்கள். 70 மைலில் அதே எஞ்சின் 3,250 சுற்றைத் தொடும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது, எஞ்சின் சூடு ஏறும், பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் தலைவலி நிச்சயம். ஆக்ஸிலை மாற்றி விகிதத்தைக் குறைக்கலாம், ஆனால் கிளம்பும்போது முதுகை இருக்கையில் அழுத்தும் அந்த இழுவை போய்விடும். அது போனால் மஸில் கார் எதற்கு? வேண்டியது நான்காவதாக ஒரு கியர், ஓவர்டிரைவ்.

பெட்டி எது என்பதில்தான் என் மனசு அதிக நேரம் ஓடியது. 1982-ல் வந்த 700ஆர்4 எளிதாகக் கிடைக்கும். முதல் கியர் 3.06, கிளம்பும் இழுவை பிரமாதம். ஆனால் அதற்கு அடுத்தது 1.63, நடுவில் பெரிய பள்ளம். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் முன்னால் நகர்த்த வேண்டும். 1991-ல் வந்த 4எல்80இ, 400-இன் வழித்தோன்றல்தான், யானை பலம். ஆனால் பருமனானது, அதை இயக்கத் தனியே கம்ப்யூட்டர் வேண்டும். ஆறு, எட்டு, பத்து கியர் கொண்ட இன்றைய பெட்டிகளை வைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் தரையை வெட்டி அகலப்படுத்தித்தான் அவற்றை உள்ளே இறக்குகிறார்கள்.

நான் 200-4ஆர் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். 1981-ல் வந்தது. விகிதங்கள் 2.74, 1.57, 1.00, 0.67. பியூக் கிராண்ட் நேஷனல் காரில் டர்போ எஞ்சினின் பின்னால் பேர் எடுத்தது. பெரும்பாலான 200-4ஆர் பெட்டிகளின் முன்முகத்தில் இரண்டு வகை போல்ட் ஓட்டைகளும் இருக்கும். அன்று யார்டில் எங்களை அலையவைத்த சங்கடம் இதில் இல்லை. அதைவிட முக்கியம், அதன் தாங்கு இடம் 400-இன் தாங்கு இடத்திலேயே வருகிறது. குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டாம், தரையைத் தொட வேண்டாம். மொத்த நீளத்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம், அது, பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டின் முனையிலுள்ள யோக் பெட்டிக்குள் நுழையும் தூரத்தில் அடங்கிவிடும். யோக்கை மட்டும் மாற்ற வேண்டும், ஏனென்றால் 400-க்கு 32 பல், இதற்கு 27 பல். பழைய ஸ்பீடாமீட்டர் கேபிளும் அப்படியே மாட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் செய்தபடியே இருந்தால் 396 எஞ்சினின் முரட்டு இழுவையை அது நீண்ட நாள் தாங்காது. அதனால் உள்ளே வலுவான பாகங்கள் போட்டுப் புதுப்பித்ததாகப் பார்த்து வாங்கினேன்.

என் தம்பி மகள் இதே ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். புதிய கார்களின் கியர்பாக்ஸ் எந்த நேரத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் அட்டவணை போட்டுச் சரிசெய்யும் வேலை. கியர்பாக்ஸைக் கையில் தூக்கியதில்லை என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமை வந்து நின்றாள். இப்போது படுத்து வேலை செய்யும் அவசியமும் இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, நின்றபடியே, இதற்கென்று உள்ள ஜாக்கியில் சங்கிலி போட்டுக் கட்டி ஏற்றினோம். கன்வெர்ட்டரைக் கோக்கும் நேரத்தில் அவள் கையைப் பிடித்து உருளைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"பெரியப்பா, ரெண்டு தடவை இறங்கிடுச்சு. போதுமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு, கண்ணு. அவசரப்படாம சுத்து."

மூன்றாவது கிடைத்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இடைவெளியையும் அவளே அளந்தாள்.

இந்தப் பெட்டியில் ரப்பர் குழாயும் தகர டப்பாவும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரு மெல்லிய கேபிள். ஒரு முனை கார்புரேட்டரின் த்ராட்டில் கையில், மறுமுனை பெட்டிக்குள் ஒரு வால்வில். நாம் பெடலை அழுத்த அழுத்த அது இழுபட்டு, எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். பைக்கின் கிளட்ச் கேபிள் அளவுதான் இருக்கும். ஆனால் இந்தப் பெட்டியின் ஆயுளே அதில் இருக்கிறது. பெடல் அடிவரை போகும்போது கேபிளும் முழுசாக இழுபட வேண்டும். கொஞ்சம் தொய்வாக இருந்துவிட்டால் அழுத்தம் ஏறாது, கிளட்ச் தகடுகள் வழுக்கும், சில நிமிஷ ஓட்டத்திலேயே எரிந்துபோகலாம். பழைய கார்புரேட்டரில் கேபிள் மாட்டும் புள்ளி தவறான உயரத்தில் இருந்தாலும் இதே கதிதான். அதற்காகத்தான் சரியான தூரத்தில் ஓட்டை போட்ட ஒரு தகட்டை வாங்கிப் பொருத்தினோம். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கேபிளைக் கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். தம்பி மகள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிள் நகர நகர ஊசியும் ஏறியது. விட்டதும் இறங்கியது.

"பெரியப்பா, இன்னொரு தடவை இழுங்க" என்றாள். இழுத்தேன். "இது எங்க டேபிள்தான். பெடல் இத்தனை சதவீதம்னா பிரஷர் இத்தனைன்னு நான் நம்பரா போடுறேன். இங்க அதையே ஒரு கம்பியும் ஒரு ஸ்பிரிங்கும் செய்யுது."

"முன்னாடி இதே வேலைய ஒரு ரப்பர் குழாய் செஞ்சுது" என்று சொல்லி, கழற்றி வைத்திருந்த பழைய 400-இன் தகர டப்பாவை எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குழாய் மாட்டும் முனையில் வாயை வைத்து உறிஞ்சினாள். உள்ளே சவ்வு அசைந்து முள் நகர்ந்தது. பல வருஷமாகத் திரையில் எண்களாக மட்டுமே அவள் பார்த்த ஒரு விஷயம் அவள் மூச்சுக்கு அசைந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று தெளிவானது. பழைய ஆட்கள் கையால் செய்தார்கள், புதியவர்கள் கம்ப்யூட்டரை நம்பி வாழ்கிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுபவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைக் கியர்பாக்ஸுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்ற ஒரே கேள்விக்கு, மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் தங்கள் காலத்தில் கையில் கிடைத்ததை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 400-இல் வெற்றிடம், 200-4ஆரில் கேபிள், இப்போது கம்ப்யூட்டர். பெரியவரும் என் தம்பி மகளும் ஒரே தொழிலைத்தான் செய்தார்கள். அவரால் அவளுடைய அட்டவணையைப் படித்துப் புரிந்துகொண்டிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச்சுக்கு மட்டும் வயர் இழுக்க வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் அது பிடித்துக்கொண்டால்தான் எண்ணெய் வழுக்கிச் சூடேறாமல் இருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாக ஒரு எண்ணெய்க் கூலரும் வைத்தோம். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குச் சூடுதான் எமன். கன்சோலில் உள்ள பழைய குதிரைலாட வடிவக் கியர் லீவரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பல் தகட்டை மட்டும் மாற்றினோம்.

ஐ-94-இல் ஏறி 70 மைலைத் தொட்டதும் நான்காவது கியர் விழுந்தது. சுற்று எண்ணிக்கை 3,250-லிருந்து 2,200-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் தம்பி மகள் சாதாரணக் குரலில் பேச, எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதல் கியர் 2.48-லிருந்து 2.74 ஆனதால் சிக்னலில் கிளம்பும் வேகமும் முன்னைவிடக் கூடியிருந்தது. அந்தப் பயணத்தில் வில்லோ ரன் பக்கம் போனோம். கியர்பாக்ஸ் செய்த தொழிற்சாலையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. ஒரு பகுதியை மட்டும் விமான அருங்காட்சியகத்துக்காக நிறுத்திவைத்தார்கள். மிச்ச இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார்களைச் சோதிக்கும் மையம் இயங்குகிறது. பேச்சு மின்சாரக் கார்கள் பக்கம் திரும்பியது. 2024-ல் டாட்ஜ் வெளியிட்ட சார்ஜர் டேடோனா மின்சாரக் கார். மஸில் கார் என்றுதான் விற்கிறார்கள், கியர் மாறும் பெட்டியே அதில் இல்லை. "இன்னும் கொஞ்ச வருஷத்துல என் வேலையே இருக்குமான்னு தெரியல, பெரியப்பா" என்றாள். கியர் இல்லாவிட்டாலும் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும் என்றேன். அவள் மறுக்கவில்லை.

கழற்றிய 400 என் கராஜில், எண்ணெய் வடித்து, முனைகளை அடைத்து, அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. அதன் எண் ஷெவெலின் எண்ணோடு பொருந்தாது. ஒரு பிக்கப்பிலிருந்து வந்தது. சந்தையில் அதற்கு விசேஷ விலை ஒன்றும் கிடையாது, வைத்திருப்பதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வண்டியை 30 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது அதுதான். தொழிற்சாலையில் முதலில் பூட்டிய பெட்டி அவ்வளவு காலம் ஓடவில்லை. ஒரு காரின் வரலாறு அது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளோடு நின்றுவிடுவதில்லை. சரளைக்கல்லில் படுத்து அந்தப் பெரியவர் பொருத்தியதும் அதன் வரலாறுதான், நாங்கள் இப்போது செய்ததும்தான். எண் பொருந்தும் கார்களை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணுக்காக வண்டியைப் போர்வை போட்டு மூடிவைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இவை ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஓட வேண்டுமானால், ஓடும் சாலைக்குத் தக்கபடி மாறத்தான் வேண்டும்.

மாற்றுவதற்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: அடுத்தவர் திருப்பி மாற்ற முடிய வேண்டும். வெட்டாதீர்கள், பற்றவைக்காதீர்கள். புதிதாக ஓட்டை போடாமல் பொருந்தும் பெட்டியாகத் தேடி எடுங்கள், அதற்கு இன்னும் நாலு மாதம் ஆனாலும் சரி. கழற்றியதை எடைக்குப் போடாதீர்கள். யோக், குறுக்குச் சட்டத்தின் போல்ட், தகர டப்பா, ரப்பர் குழாய் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். எந்தப் போல்ட் எங்கே இருந்தது, கேபிளை எப்படிச் சரிசெய்தீர்கள், எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று தேதியோடு எழுதி அதில் வையுங்கள். எங்கள் காகிதத்தை என் தம்பி மகள் எழுதினாள், அழுத்தமானியில் பார்த்த எண்களையும் சேர்த்து. இந்த ஷெவெல் அடுத்து அவளிடம் போகும். அதில் நான்காவது கியர் இருக்க வேண்டுமா, மூன்றே போதுமா, அல்லது கியரே இல்லாத ஒரு மோட்டாரா என்பதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு வேண்டிய எல்லாம் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது.